தலைமைக் கணினி இல்லாமல் 8 ரோபோக்களை ஒன்றாக இயக்குவது: முழு வழிமுறை

இந்த வேலை முடியும்போது உங்கள் தரையில் நடக்க வேண்டியது இதுதான். 8 சிறு சக்கர ரோபோக்களைக் கலைத்துப் போட்டபடி வைக்கிறீர்கள். அவை தாமாக ஒன்றுகூடி, பிறகு வட்டமாக நிற்கின்றன. யார் எங்கே போக வேண்டும் என்று எந்தக் கணினியும் சொல்வதில்லை. நடுவில் ஒன்றைக் கையால் தூக்கிவிட்டாலும் மற்றவை வேலையை விடுவதில்லை.

இதற்கான கணக்கு அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். எனக்குத் தெரிந்து யாரும் அதில் மாட்டிக்கொண்டதில்லை. எந்த ரோபோவுக்கு எந்தத் தகவல் தெரியும், அந்தத் தகவலுக்கு வயது எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லோரும் வாரக்கணக்கில் சிக்குகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியில் விட்ட பிழை, அடுத்த படியில் வேறு வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

பைத்தான், கொஞ்சம் சி++, சாலிடரிங் தெரிந்திருந்தால் போதும்.

1. யாருக்கு என்ன தெரியலாம் என்று காகிதத்தில் எழுதுங்கள்

நிரல் (கோடு) எழுதுவதற்கு முன்னால் இதைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: "ஒரு ரோபோ தன் இடத்தையும் தன் முகம் பார்க்கும் திசையையும் அறியலாம். 60 செ.மீ.க்குள் இருக்கும் ரோபோக்கள் சொல்வதைக் கேட்கலாம். அவ்வளவுதான்."

காரணம், சின்ன அறையில் எல்லா ரோபோவும் எல்லா ரோபோவையும் கேட்கும். அந்த வசதி கையில் இருக்கும்போது, புதிதாக எழுதுபவர் 1 முதல் 8 வரை லூப் போட்டு எல்லோருடைய இடத்தையும் கூட்டி 8-ஆல் வகுத்துவிடுவார். டெமோவில் அழகாக ஓடும். ஒரு ரோபோவின் பேட்டரி இறங்கியதும், அதன் இடத்தில் சுழியம், சுழியம் என்று நிற்கும் அல்லது பழைய இடமே உறைந்து நிற்கும். சுழியமாக நின்றால் மற்ற ஏழும் அரங்கின் மூலையை நோக்கி மெல்ல நகர ஆரம்பிக்கும். அந்த மூலைதான் ஆயத்தொகுப்பின் தொடக்கப் புள்ளி என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போய்விடும்.

ஆகவே "மொத்தம் 8" என்ற எண் கட்டுப்பாட்டுக் கோடில் எங்கும் வரக்கூடாது. எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பது எந்த ரோபோவுக்கும் தெரியக்கூடாத விஷயம்.

2. பொருள்கள்

ஒரு ரோபோவுக்கு: இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகை) ஒன்று, என்கோடர் (சக்கரச் சுழற்சியை அளக்கும் உணரி) உள்ள 6 வோல்ட் என்20 மோட்டார் இரண்டு, டிபி6612 மோட்டார் டிரைவர், இரண்டு செல் லித்தியம் பேட்டரி, சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டு, மேலே ஒட்ட ஆருகோ குறி (கேமரா அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைச் சதுரம்). பொதுவாக: அகலக் கோண லென்ஸ் உள்ள வெப்கேமரா, லேப்டாப், அதில் யூஎஸ்பி வழியாகச் செருகிய இன்னொரு இஎஸ்பி32. தரைக்கு, 8க்கு 4 அடி ப்ளைவுட் இரண்டைச் சேர்த்துப் போட்டால் 2.4 மீட்டர் சதுரம் கிடைக்கும். இது போதும்.

மூன்று எச்சரிக்கைகள். கையில் கிடக்கிறதே என்று எல்298என் டிரைவரைப் போடாதீர்கள். அதற்குள்ளேயே சுமார் 2 வோல்ட் தொலைந்துபோகும், மெதுவான வேகத்தில் மோட்டார் அசையவே அசையாது. இரண்டு செல் பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும், உங்கள் மோட்டார் 6 வோல்ட் மோட்டார். பிடபிள்யூஎம்-ஐ (மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்து மோட்டார் வேகத்தை அமைக்கும் அளவு) 70 சதவீதத்துக்கு மேல் விடவேண்டாம். மூன்றாவது, இஎஸ்பி32-க்குப் போகும் மின்வழியில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போடுங்கள். இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கி போர்டு ரீசெட் ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் "அல்காரிதம் சில சமயம் திணறுகிறது" என்றுதான் தோன்றும்.

முடிந்தால் 10 ரோபோவுக்குப் பாகம் வாங்குங்கள். 8 வாங்கினால் கையில் 6தான் ஓடும்.

3. ஒரே ஒரு ரோபோ சொன்னபடி ஓடட்டும்

திரளைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். "வினாடிக்கு 10 செ.மீ., நேராக" என்றால் 10 செ.மீ. போக வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி பிஐடி (கேட்ட வேகத்துக்கும் கிடைத்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் கணக்கு) வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு மோட்டாரின் செத்த மண்டலத்தையும் அளங்கள். அதாவது, எத்தனை பிடபிள்யூஎம் வரை கொடுத்தும் சக்கரம் அசையாமல் நிற்கிறது என்ற எண். ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டாருக்கே இது வேறுபடும். இதை அளக்காமல் விட்டால், பின்னால் ரோபோக்கள் இலக்குக்குச் சற்று முன்பாகவே நின்றுவிடும். கணக்கு சின்ன வேகம் கேட்கும், மோட்டாருக்கு அது உறைக்காது.

அடுத்தது பலர் தாண்டிப் போகும் இடம். இரண்டு சக்கர ரோபோவால் பக்கவாட்டில் நகர முடியாது. ஆனால் நாம் எழுதப்போகும் விதி "இந்தத் திசையில் நகர்" என்று எந்தத் திசையையும் சொல்லும். இரண்டையும் இணைக்க ஒரு தந்திரம் உண்டு. அச்சின் நடுவிலிருந்து 5 செ.மீ. முன்னால் ஒரு கற்பனைப் புள்ளியை வைத்துக்கொண்டு, "ரோபோவின் இடம்" என்றால் இனி அந்தப் புள்ளிதான் என்று முடிவு செய்யுங்கள். வேண்டிய திசைவேகத்தை முகத் திசையில் ஒரு பகுதியாகவும், அதற்குச் செங்குத்தாக ஒரு பகுதியாகவும் பிரியுங்கள். முதல் பகுதிதான் முன்னோக்கு வேகம். இரண்டாவதை 5 செ.மீ.யால் வகுத்தால் திரும்பும் வேகம் வந்துவிடும்.

துல்லியம் கூடுமே என்று அந்த 5-ஐ 1 ஆக்க ஆசை வரும். 1-ஆல் வகுத்தால் திரும்பும் வேகம் ஐந்து மடங்காகும். கேமராவின் சின்ன நடுக்கத்துக்குக்கூட ரோபோ தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும்.

வேக வரம்பைத் தாண்டினால் இரண்டு சக்கரத்தையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக வெட்டினால் போகும் பாதை மாறிவிடும்.

4. இடம் அறிதல்: கேமரா எல்லோருக்கும் எல்லாம் சொல்லக் கூடாது

கேமராவை 2.5 மீட்டர் உயரத்தில் நேர் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். லென்ஸ் வளைவைத் திருத்த ஓப்பன்சிவி என்ற பட நிரல் நூலகத்தின் சதுரங்கப் பலகை முறை போதும்.

தரையில் நான்கு புள்ளி வைத்துத்தான் பெரும்பாலோர் அளவுதிருத்தம் செய்கிறார்கள். குறியோ தரையிலிருந்து 10 செ.மீ. மேலே, ரோபோவின் தலையில் இருக்கிறது. நடுவிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி நிற்கும் ரோபோ, கேமராவின் கணக்கில் 1.25 மீட்டரில் நிற்பதாகத் தெரியும். ரோபோவின் பாதி உடம்பு அளவுக்குப் பிழை. நடுவில் எல்லாம் சரியாக இருக்கும், ஓரத்தில் மட்டும் ஒன்றோடொன்று இடிக்கும். நான்கு புள்ளிகளையும் 10 செ.மீ. உயரக் கட்டைகளின் மேல் வைத்துத் திருத்தம் செய்தால் தீர்ந்தது.

கேமரா வைத்தால் மையக் கட்டுப்பாடு ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது, ஒரு நிபந்தனையோடு. கேமரா இங்கே ஒரு உணரி மட்டும். லேப்டாப் ஒவ்வொரு ரோபோவுக்கும் அதன் இடத்தையும் திசையையும் மட்டும் தனியாக அனுப்ப வேண்டும். 8 பேரின் இடத்தையும் ஒரே செய்தியில் போட்டு எல்லோருக்கும் ஒலிபரப்புவது சுலபம்தான். ஆனால் அந்த நிமிடமே சுவரில் ஒட்டிய விதி செத்துவிட்டது. பக்கத்து ரோபோ எங்கே இருக்கிறது என்பதை அந்த ரோபோவே சொல்லித்தான் தெரிய வேண்டும்.

கேமராவே இல்லாமல் செய்ய முடியும். ஹார்வர்டில் உருவான கிலோபாட், 33 மி.மீ. விட்டமுள்ள ரோபோ. அகச்சிவப்பு ஒளியின் பலத்தை வைத்து பக்கத்தில் இருப்பவரின் தூரத்தை மட்டும் அறியும், திசை தெரியாது. 2014-இல் 1,024 கிலோபாட்களை வைத்து உருவங்கள் அமைத்தார்கள். அங்கே நான்கு விதை ரோபோக்களை முதலில் வைத்து, மற்றவை அவற்றிலிருந்து தங்கள் ஆயத்தொகுப்பைக் கணக்கிட்டுக்கொண்டன. ஆனால் முதல் திட்டத்திலேயே அதில் இறங்காதீர்கள். இட அளவில் பிழையா, ஒருங்கிணைப்பில் பிழையா என்று பிரித்துப் பார்க்க உங்களிடம் வழியே இருக்காது.

5. சிமுலேஷனில் முதலில் கெடுத்துப் பாருங்கள்

8 ரோபோவுக்கு நூறு வரி பைத்தான் போதும். நூற்றுக்கணக்கில் போகும்போது ஆர்காஸ் மாதிரியான சிமுலேட்டரைப் பாருங்கள்.

சுத்தமான சிமுலேஷனில் எல்லா விதியும் ஓடும், அதனால் அதில் ஓடியது எதையும் நிரூபிக்காது. இவற்றைச் சேர்த்தபின்தான் நம்புங்கள்: இட அளவில் 1 செ.மீ. தடுமாற்றம், 0.2 வினாடித் தாமதம், பத்தில் மூன்று செய்தி தொலைந்துபோவது, ஒவ்வொரு ரோபோவின் லூப்பும் வேறு வேறு கணத்தில் ஓடுவது. கடைசி விஷயத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள். ஒரே லூப்பில் எல்லோரையும் ஒரே தட்டில் நகர்த்தினால், நிஜத்தில் கிடைக்காத ஒரு பொதுக் கடிகாரத்தை நீங்களே தூக்கிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

6. செய்தி: சிறியதாக, மெதுவாக, கொஞ்சம் ஒழுங்கில்லாமல்

இஎஸ்பி32 போர்டுகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் இஎஸ்பி-நவ் முறை இதற்குப் பொருத்தம். ரவுட்டர் தேவையில்லை. செய்தியில் வைக்க வேண்டியது: வடிவ எண் (செய்தி அமைப்பின் பதிப்பு எண்), ரோபோ எண், வரிசை எண், மில்லிமீட்டரில் இடம், திசை, நிலை. எல்லாம் சேர்த்து 11 பைட்.

வடிவ எண் எதற்கு? என்றைக்காவது ஏழு ரோபோவில் புதிய ஃபர்ம்வேரும் (போர்டில் ஏற்றும் நிரல்) ஒன்றில் பழையதும் இருக்கும். பழைய அமைப்பில் வந்த பைட்டுகளைப் புதிய அமைப்பில் படித்தால், ஒரு ரோபோ 30 மீட்டர் தள்ளி நிற்பதாகத் தெரியும். வடிவ எண் பொருந்தாவிட்டால் செய்தியைத் தூக்கிப் போட்டுவிடலாம். இதே காரணத்துக்காக எல்லா ரோபோவிலும் ஒரே ஃபர்ம்வேர் இருக்கட்டும். ரோபோ எண்ணைக் கோடில் எழுதாமல் போர்டின் நினைவகத்தில் ஒருமுறை பதித்துவிடுங்கள்.

வினாடிக்கு 10 செய்தி போதும். "அடிக்கடி அனுப்பினால் நல்லதுதானே" என்று 100 ஆக்குவது பழக்கமான தவறு. ஒலிபரப்புச் செய்தி வழக்கமாக 1 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் போகும். தலைப்பு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு ஒரு மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவாகக் காற்றலையைப் பிடித்துக்கொள்ளும். 8 ரோபோ 100 முறை என்றால் 800 செய்தி. ஒவ்வொரு வினாடியிலும் பாதிக்கு மேல் காற்றலை அடைத்துக்கொண்டுவிடும். ஒலிபரப்புக்கு "கிடைத்தது" என்ற ஒப்புகை கிடையாது, மோதிய செய்தி மோதியதுதான்.

இன்னொன்று, எல்லா ரோபோவையும் ஒரே சுவிட்ச் பலகையில் இயக்கினால் எல்லாம் ஒரே கணத்தில் விழித்து, ஒவ்வொரு 100 மில்லிவினாடிக்கும் ஒரே கணத்தில் பேச முயலும். ஒவ்வொரு இடைவெளியிலும் 0 முதல் 20 மில்லிவினாடி வரை தற்செயலாக ஒரு தாமதம் சேருங்கள். பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் "சாம்பார்" என்று கத்தினால் பரிமாறுபவர் காதில் எதுவும் விழாது, அதே கதை.

செய்தி வந்ததும் ஓடும் ஃபங்ஷனில் கணக்குப் போடாதீர்கள். அது வைஃபை வேலைக்குள்ளேயே ஓடுகிறது. வந்ததை நகலெடுத்து வரிசையில் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மேலும், எந்த ரோபோவையும் ரவுட்டரோடு இணைக்காதீர்கள். இணைந்த கணத்தில் அது ரவுட்டரின் சேனலுக்கு மாறிவிடும், மற்றவர்களுக்கு அது காணாமல் போய்விடும். லேப்டாப் ரவுட்டர் இல்லாமலே ரோபோக்களோடு பேசத்தான் அதில் செருகிய இஎஸ்பி32.

7. அண்டை அட்டவணை: மொத்த வேலையின் மையம்

ஒவ்வொரு ரோபோவிலும் ஒரு அட்டவணை இருக்கும். யார், எங்கே, கடைசி வரிசை எண் என்ன, அதைக் கேட்டு எவ்வளவு நேரமாயிற்று. கட்டுப்பாட்டு விதி இந்த அட்டவணையை மட்டும்தான் பார்க்க வேண்டும். ரேடியோ பகுதி இதை மட்டும்தான் நிரப்ப வேண்டும். நடுவில் குறுக்குவழி எதுவும் கூடாது. விதியை மாற்றும்போது ரேடியோவையும், ரேடியோவை மாற்றும்போது விதியையும் தொடாமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

தூர வரம்பைச் செய்தி பெறும் இடத்திலேயே போடுங்கள். செய்தியில் அனுப்பியவரின் இடம் இருக்கிறது. 60 செ.மீ.க்கு அப்பால் என்றால் கேட்காத மாதிரி விட்டுவிடுங்கள். ஒரே எல்லையை வைத்தால் 60-இல் நிற்கும் ரோபோ, கேமரா நடுக்கத்தால் நொடிக்கு நாலு தடவை உள்ளே வரும், வெளியே போகும். 50 செ.மீ.க்குள் வந்தால் சேர்த்துக்கொள், 60-ஐத் தாண்டினால் நீக்கு என்று இரண்டு எல்லை வையுங்கள்.

அரை வினாடி சத்தம் இல்லை என்றால், அதாவது ஐந்து செய்தி தவறினால், அந்த வரியை அழித்துவிடுங்கள். அழிக்காமல் விட்டால் போன ரோபோவின் பேய் அங்கேயே நின்று மற்றவர்களை இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு செய்தி தவறியதும் அழித்தாலும் தப்பு. அட்டவணை மினுக்கும், ரோபோ உதறும்.

வயதை எப்போதும் உங்கள் கடிகாரத்திலேயே, செய்தி வந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். அனுப்பியவர் எழுதிய நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு போர்டும் வேறு வேறு நேரத்தில் இயங்கத் தொடங்கியவை. எங்கள் மாணவர் ஒருவர் எல்லாக் கடிகாரங்களையும் ஒத்திசைக்க மூன்று நாள் உழைத்தார். அருமையாகச் செய்தார், ஆனால் அந்த வேலையே தேவைப்படவில்லை.

அடுத்த படிக்குப் போகும்முன் சக்கரங்களை நிறுத்திவைத்து ஒரு சோதனை. ரோபோக்களைக் கையால் நகர்த்தி, ஒவ்வொன்றின் அட்டவணையையும் லேப்டாப்பில் பாருங்கள். தரையில் டேப் வைத்து அளந்தால் கிடைக்கும் பட்டியலும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். இதற்கு ஒரு முழு நாள் செலவானாலும் பரவாயில்லை.

8. ஒன்றுகூடும் விதி, அதன் பெருக்கெண்

விதி இவ்வளவுதான்: அட்டவணையில் உள்ள ஒவ்வொருவரின் இடத்திலிருந்தும் என் இடத்தைக் கழி. எல்லாவற்றையும் கூட்டு. பெருக்கெண்ணால் பெருக்கு. வருகிற திசைவேகத்தில் நகர். பெருக்கெண்ணை 0.5-இல் தொடங்குங்கள்.

அந்த எண்ணுக்கு எல்லை உண்டு. பெருக்கெண், லூப் இடைவெளி, அதிகபட்ச அண்டைகளின் எண்ணிக்கை மூன்றையும் பெருக்கினால் 1-க்குக் கீழே இருக்க வேண்டும். 0.5, 0.1 வினாடி, 7 அண்டை என்றால் 0.35. பாதுகாப்பு. பெருக்கெண்ணை 3 ஆக்கினால் 2.1 வரும். எல்லோரும் எல்லோரையும் கேட்கும் நிலையில் ஒவ்வொரு அடியிலும் தாண்டித் தாண்டிப் போவார்கள். மோட்டாரின் வேக வரம்பு இதை மறைத்துவிடும் என்பதுதான் வில்லங்கம். ரோபோக்கள் சிதறி ஓடாது, நடுவில் நின்று நடுங்கும். "மோட்டார் சரியில்லை" என்று மோட்டாரை மாற்றுவார்கள்.

தாமதத்துக்கும் எல்லை உண்டு. 8 பேரும் ஒருவரையொருவர் கேட்கும்போது, பெருக்கெண் 0.5 என்றால் சுமார் 0.39 வினாடி வரைதான் தாங்கும். 1 ஆக்கினால் அதில் பாதி. கேமரா, செய்தி, லூப் எல்லாம் சேர்ந்து 0.25 வினாடி ஆகிவிடுவது சாதாரணம். "வேகமாகக் கூடட்டும்" என்று பெருக்கெண்ணை ஏற்றும் முன் மொத்தத் தாமதத்தை அளந்துபாருங்கள். நெருங்கி வர வர அண்டைகள் கூடுவதால், தூரத்தில் ஒழுங்காக இருந்த திரள் கடைசி அரை மீட்டரில்தான் கூத்தாடும்.

20 செ.மீ.க்குள் வந்தவரை விலக்கும் விசை தனியாக வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் ஒரே புள்ளியில் ஏறி உட்காரப் பார்ப்பார்கள். அதே மாதிரி 50 செ.மீ.க்கு மேல் நிற்கும் அண்டையின் எடையை, அதாவது கூட்டலில் அதன் பங்கை, மூன்று மடங்காக்குங்கள். நடுவில் இருக்கும் கூட்டம் தன் வேகத்தில் நெருங்கும்போது ஓரத்தில் நிற்பவரின் இணைப்பு அறுந்துபோவதை இது பெருமளவு தடுக்கும். இந்த மூன்று மடங்கு மேலே சொன்ன பெருக்கல் எல்லைக்குள் அடங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தொடக்கத்தில் வைக்கும்போதே, எந்த ரோபோவிலிருந்தும் எந்த ரோபோவுக்கும் 50 செ.மீ. தாவல்களில் போக முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இரண்டு கூட்டம் உருவாகும். அது பிழை இல்லை, விதி சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

9. இரண்டு, மூன்று, பிறகு எட்டு

இரண்டு ரோபோவில் ஓடியதும் எட்டுக்குத் தாவாதீர்கள். இரண்டில் "பக்கத்தில் இருப்பவர்" என்பதும் "எல்லோரும்" என்பதும் ஒன்றுதான், பிழை தெரியவே தெரியாது. மூன்றை 45 செ.மீ. இடைவெளியில் வரிசையாக வையுங்கள். ஓரத்தில் இருப்பவை 90 செ.மீ. தள்ளி, ஒன்றையொன்று கேட்காது. நடுவில் உள்ளது அசையாமல் நிற்க, ஓரத்தில் உள்ளவை அதை நோக்கி வர வேண்டும். நடுவில் உள்ளது ஒரு பக்கமாக நகர்ந்தால் அது ஒருவரின் பேச்சை மட்டும் கேட்கிறது என்று பொருள். அட்டவணைக்குத் திரும்பிப் போங்கள்.

மூன்று ஒழுங்கானால் எட்டில் புதிதாக வருவது அனேகமாகப் பேட்டரிப் பிரச்சினை மட்டும்தான்.

10. வட்டம்

ஒவ்வொரு ரோபோ எண்ணுக்கும் 60 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் ஓர் இடம் ஒதுக்குங்கள். அந்தப் பட்டியல் எல்லோரிடமும் இருக்கும். விதியில் ஒரே மாற்றம்: "உன் இடம் கழித்தல் என் இடம்" என்பதிலிருந்து "நமக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளி"யையும் கழியுங்கள். வட்டம் அரங்கில் எங்கே அமையும் என்று யாரும் முடிவு செய்வதில்லை, அவர்கள் நிற்கிற இடத்தைப் பொறுத்து அமையும். வட்டத்தின் மையத்தைக் கோடில் எழுதியிருந்தால் நீங்கள் ஏமாற்றுகிறீர்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்த வட்டத்தில் அடுத்தடுத்த இருவருக்கு இடைவெளி 46 செ.மீ. ஒருவரைத் தாண்டி அடுத்தவர் 85 செ.மீ. ஆக ஒவ்வொருவருக்கும் சரியாக இரண்டு அண்டை. கூட்டமாக நின்றபோது ஒரு குலுக்கலைச் சரிசெய்ய அரை வினாடி கூட எடுக்காத திரள், வட்டமாக நின்றதும் அதே பெருக்கெண்ணில் பல மடங்கு மெதுவாகும். அதன் கால அளவு, அதாவது ஒரு குலுக்கல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம், சுமார் 3.4 வினாடி. புதியவர்கள் இதைப் பார்த்துவிட்டு "ஹேங் ஆகிவிட்டது" என்று நிறுத்திவிடுவார்கள். பொறுத்திருங்கள்.

ஒரு ரோபோவைத் தூக்கிவிடுங்கள். வளையம் அறுந்து ஏழு பேர் கொண்ட சங்கிலியாகிறது, கால அளவு 10 வினாடிக்குப் போகிறது. எதிரெதிரே இன்னொன்றையும் தூக்குங்கள். திரள் இரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டும் தன் வில்வடிவத்தைக் கச்சிதமாக வைத்திருக்கும். ஒன்றைக் கையால் நகர்த்தினால் மற்றதற்குத் தெரியாது. வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கேமரா எல்லோருக்கும் பொதுவான திசையைத் தருவதால்தான் இது சுலபம். பொதுத் திசை இல்லாமல் தூரத்தை மட்டும் வைத்து வடிவம் நிலைக்க, 8 பேருக்குக் குறைந்தது 13 இணைப்பு வேண்டும். வளையத்தில் 8தான் உள்ளது, அது கொசகொசவென்று நெளியும்.

11. வேண்டுமென்றே கெடுக்கும் சோதனைகள்

முதலில் அவசர நிறுத்தம். லேப்டாப்பில் ஒரு பொத்தான், எல்லோருக்கும் "நில்". இது மையக் கட்டுப்பாடுதான், வெட்கப்பட வேண்டாம். அரை வினாடி கேமரா தகவல் வராவிட்டால் ரோபோ தானே நிற்கட்டும். நின்றதோடு, தன் செய்தியில் "என் இடம் எனக்குத் தெரியாது" என்ற நிலையையும் போட வேண்டும். கேட்டவர்கள் அந்த வரியை நீக்கிவிடுவார்கள். ஒரு குறியைக் காகிதத்தால் மூடி இதைச் சோதியுங்கள்.

அடுத்தது எங்களை இரண்டு நாள் அலையவிட்ட விஷயம். வட்டம் அழகாக அமைந்தது, இடைவெளிகள் சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் வட்டம் எதிர்பார்த்த இடத்திலிருந்து ஒரே பக்கமாக 30 செ.மீ. தள்ளியே அமைந்தது. குறியீட்டை வரி வரியாகப் படித்தோம், கேமராவை மறுபடி திருத்தினோம். கடைசியில் தரையைக் கூட்ட வந்தவர்தான், "அஞ்சாம் நம்பர் அசையவே மாட்டேங்குதே சார்" என்றார். அதன் அச்சில் தலைமுடி சுற்றியிருந்தது. ரேடியோ உயிரோடு இருந்ததால் தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நகராத ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால், மற்ற எல்லோரும் அவருக்கு ஏற்றபடி அமைந்துவிடுவார்கள். விதியின்படி அது சரியான விடையும்கூட.

பரிகாரம்: வினாடிக்கு 5 செ.மீ.க்கு மேல் போகச் சொல்லியும் 2 வினாடியாகக் கேமரா கணக்கில் இடம் மாறவில்லை என்றால், ரோபோ தன் நிலையை "மாட்டிக்கொண்டேன்" என்று மாற்றட்டும். என்கோடரை மட்டும் நம்பாதீர்கள், சக்கரம் வழுக்கிச் சுற்றினாலும் அது ஓடுவதாகத்தான் காட்டும். அந்த நிலையைக் கேட்டவர்கள் அவரைக் கூட்டலில் சேர்க்கக் கூடாது, ஆனால் விலக்கும் விசையில் வைத்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நீக்கிவிட்டால் நேராகப் போய் அவர்மேல் இடிப்பார்கள். நாங்களும் இடித்தோம்.

கடைசியாக, பெறும் இடத்தில் பத்தில் மூன்று செய்தியைத் தற்செயலாகத் தூக்கிப் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வட்டம் நிற்கும், ஆனால் மெல்ல மெல்ல ஏதோ ஒரு பக்கம் நகரும். நீ சொன்னது எனக்குக் கேட்டது, நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை என்ற சமமின்மை சேரச் சேர, எல்லோரும் சேர்ந்து தக்கவைத்திருந்த நடுப்புள்ளி இடம் மாறுகிறது. 2.4 மீட்டர் அரங்கில் அது ஓரத்தைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு, சுவருக்கு 15 செ.மீ. முன்பே ரோபோவைத் திருப்பும் ஒரு வரியைச் சேருங்கள்.